ஹ்யூ லாரியின் இரண்டு சிடிக்கள்: ஒரு பேண்டு செட்காரன் கேட்டது

'ஹவுஸ்' சீரியலில் டாக்டராக வந்த இங்கிலீஷ் நடிகர் ஹ்யூ லாரி பாடிய ஆல்பங்கள் இரண்டு. ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் 2013இல் வந்த 'டிடின்ட் இட் ரெய்ன்' வாங்குங்கள். கேட்டால் எல்லோரும் 2011இல் வந்த 'லெட் தெம் டாக்'தான் என்பார்கள். இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது அதுதான், ஜாம்பவான்கள் வந்து வாசித்துவிட்டுப் போனதும் அதில்தான். ஆனாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். காரணம் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

நான் பாட்டு விமர்சகன் கிடையாது. புதுச்சேரி நெல்லித்தோப்பில் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதியவன். கல்யாண ஊர்வலம், கொடியேற்றம், வில்லியனூர் மாதா தேர், உப்பளம் கல்லறைக்குப் போகிற அடக்கம் என்று எல்லாவற்றுக்கும் ஊதியிருக்கிறேன். முன்பல் போய் பல்செட் வைத்த பிறகு உதடு நிற்கவில்லை. டிரம்பெட்டுக்கு மூச்சைக் காட்டிலும் முன்பல் முக்கியம். இப்போது வால்வு ஒட்டிக்கொண்ட டிரம்பெட், நெளிந்த யூஃபோனியம், தோல் கிழிந்த டிரம் இவற்றை ரிப்பேர் பார்க்கிறேன். கை வேலை செய்யும்போது காது சும்மா இருக்கும். அப்படிக் கேட்டவைதான் இந்த இரண்டும்.

முதல் சிடி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கிடைத்தது. ஒயிட் டவுனில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிற வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுச் சாமான் பாதி அங்கேதான் வந்து சேரும். பிரெஞ்சு சமையல் புத்தகம், காப்பி அரைக்கிற மிஷின், கைப்பிடி போன சூட்கேஸ், நடுவில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய சிடி. 200 சொன்னார், 150க்குக் கொடுத்தார். அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். அந்த முகம் எனக்கு முன்பே பழக்கம்.

பழக்கம் வந்தது அக்கா மகனால். கோரிமேட்டில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் 'ஹவுஸ்' என்ற அமெரிக்க சீரியலை வீட்டில் ஓயாமல் ஓட்டுவான். கைத்தடி ஊன்றி நொண்டி நடக்கிற டாக்டர், வலி மாத்திரைக்கு அடிமை, நோயாளி முகத்தையே பார்க்க மாட்டார், ஆனால் யாராலும் கண்டுபிடிக்க முடியாத வியாதியைக் கண்டுபிடித்துவிடுவார். ராத்திரி வீட்டுக்குப் போனதும் பியானோ முன்னால் உட்காருவார். அந்தக் காட்சி வந்தால் மட்டும் நான் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பேன்.

"மாமா, இந்த ஆள் அமெரிக்கன் இல்ல, இங்கிலீஷ்காரன்" என்றான் ஒருநாள்.

"அவன் எவனா இருந்தா எனக்கென்னடா, அந்த விரல் அவனுதா இல்ல டூப்பா?"

"அவனுதுதான் மாமா."

அன்றைக்கே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. சினிமாவில் பியானோ வாசிக்கிற மாதிரி நடிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போனவன் நான். மெட்டு மேலே ஏறும், கை இடது பக்கம் போகும். டிரம்பெட் காட்சி இன்னும் மோசம், கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு ஒரு வால்வைக்கூட அமுக்காமல் ஒரு முழுப் பாட்டையே ஊதிவிடுவார்கள். இந்த மனிதர் தானே வாசித்தார்.

யார் இவர் என்று பையனைக் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டது இது. 1959 ஜூன் 11, ஆக்ஸ்ஃபோர்டில் பிறப்பு. அப்பா டாக்டர், அதோடு படகு வீரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இருவர் துடுப்புப் படகில் தங்கப் பதக்கம் வாங்கியவர். மகனும் துடுப்புத்தான் பிடித்தார். ஈட்டன் பள்ளிக்கூடம், பிறகு கேம்பிரிட்ஜ், படித்தது தொல்லியலும் மானுடவியலும். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடக்கிற வருடாந்தரப் படகுப் போட்டியில் கேம்பிரிட்ஜ் படகில் இவர் இருந்தார். சில அடி தூரத்தில் தோற்றார்கள். உடம்புக்கு முடியாமல் துடுப்பைக் கீழே வைத்திருந்த சமயத்தில்தான் மாணவர்களின் நகைச்சுவை நாடகக் குழுவான ஃபுட்லைட்ஸ் பக்கம் போயிருக்கிறார். பின்னாளில் பெரிய நடிகையான எம்மா தாம்ப்சன் அங்கே இருந்தார். பிறகு இவருக்கு ஜோடி நடிகரான ஸ்டீஃபன் ஃப்ரையை அறிமுகம் செய்து வைத்தவர் அவர்தான். 1981இல் இவர்கள் போட்ட நிகழ்ச்சி எடின்பரோவில் நகைச்சுவைக்கான 'பெரியர்' விருது வாங்கியது. அந்த விருதை முதன்முதலில் வாங்கியவர்கள் இவர்கள்தான்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் இங்கிலாந்து டிவியில் இவருக்குக் கிடைத்தது முட்டாள் வேஷம். 'பிளாக் ஆடர்' தொடரில் 1987இல் மண்டையில் ஒன்றுமே இல்லாத இளவரசன், 1989இல் முதல் உலகப் போர் பதுங்குகுழியில் சாவு வரப்போவது தெரியாமல் சிரிக்கிற லெப்டினன்ட். 1990 முதல் 1993 வரை 'ஜீவ்ஸ் அண்ட் வூஸ்டர்'. பணக்கார அசடாக இவர், எல்லாம் தெரிந்த வேலைக்காரராக ஃப்ரை. அசடு பியானோ முன்னால் உட்கார்ந்து பழைய ஜாஸ் பாட்டு ஒன்றைப் பாட முயலும், வேலைக்காரர் முகம் கோணாமல் பக்கத்தில் நின்று பதில் வரி பாடுவார். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்ப ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுப்பாருங்கள். இடது கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறாது. தெரியாத மாதிரி வாசிக்க எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! ஃப்ரையோடு சேர்ந்து எழுதி நடித்த துணுக்கு நாடகத் தொடரிலும் பியானோவும் கையுமாகக் கிண்டல் பாட்டுகள் பாடியிருக்கிறார். ஆக ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று பாட வந்த நடிகர் என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். எல்லாப் பாட்டையும் ஒரு சிரிப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பாடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நமக்கு இது புரியாத விஷயமா? நம் ஊரில் ஆரம்பத்தில் பாடத் தெரிந்தவன்தான் நடிகன். பாகவதரும் சின்னப்பாவும் பாட்டால்தான் கதாநாயகர்கள் ஆனார்கள். பிறகு சந்திரபாபு. சிரிப்பு நடிகர் என்று முத்திரை குத்தி வைத்திருந்தோம், ஆனால் மைக் முன்னால் நின்றால் தொண்டையில் ஒரு வெள்ளைக்காரப் பாடகனே இறங்கிவிடுவான். மலை உச்சியிலிருந்து கூவுகிற மாதிரி குரலை உடைத்து உடைத்துப் பாடுவாரே, அதை இன்றைக்கும் யாரும் சரியாகச் செய்து நான் கேட்டதில்லை. அவரை மாதிரி லாரி இயற்கையான பாடகர் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

'ஹவுஸ்' 2004 நவம்பரில் தொடங்கி 2012 மே வரை ஓடியது. 8 சீசன், 177 எபிசோட். வாய்ப்புக் கேட்டு அனுப்பிய வீடியோவை ஆப்பிரிக்காவில் நமீபியாவில் வேறொரு படத்தின் படப்பிடிப்பில் இருந்தபோது எடுத்தாராம், வெளிச்சம் போதவில்லை என்று ஓட்டல் குளியலறையில். அதைப் பார்த்தவர்கள் அசல் அமெரிக்கன் கிடைத்துவிட்டான் என்று நினைத்தார்கள். 2006, 2007 இரண்டு வருஷமும் கோல்டன் குளோப். அப்பா உண்மையான டாக்டராக இருந்து சம்பாதித்ததைவிட டாக்டர் வேஷம் போட்டு நான் அதிகம் சம்பாதிக்கிறேன் என்று பேட்டியில் கூச்சப்பட்டிருக்கிறார். அந்தக் கூச்சம் இவருடைய பாட்டிலும் இருக்கிறது. முதல் ஆல்பத்தின் குறையும் அதுதான்.

சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோதே எடுத்த ஆல்பம் 'லெட் தெம் டாக்'. மொத்தம் 15 பாட்டு. பெரும்பாலும் அமெரிக்கத் தெற்குப் பக்கத்து, குறிப்பாக நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பழைய கறுப்பின மக்களின் பாட்டு, புளூஸ் வகை. தயாரிப்பு ஜோ ஹென்றி. பித்தளை வாத்தியங்களுக்கு நோட்ஸ் எழுதியவர் நியூ ஆர்லியன்ஸின் பெரிய இசைக்காரர் ஆலன் டூசான். அந்தப் பெயருக்காகவே நான் 500 கொடுத்திருப்பேன்.

நியூ ஆர்லியன்ஸ் 1718இல் பிரெஞ்சுக்காரன் கட்டிய ஊர், 1803இல் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டுப் போனான். நம் ஊரிலும் அவனே இருந்துவிட்டு 1954இல் மூட்டை கட்டினான். அங்கேயும் பட்டாள பேண்டு, கோயில், சவ ஊர்வலம், தெருவில் டிரம்பெட். அதனால்தான் இந்தச் சங்கீதம் என் காதுக்கு அந்நியமாகத் தோன்றவில்லையோ என்னவோ.

முதல் பாட்டு 'செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி'. ஆஸ்பத்திரியில் நீளமான வெள்ளை மேஜையில் காதலியைப் பிணமாகப் பார்த்துவிட்டு வந்தவன் பாடுவது. 1928இல் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்து உலகத்துக்கே தெரிந்த பாட்டு. லாரி உடனே பாட ஆரம்பிப்பதில்லை. பியானோ மட்டும் தனியாக நீண்ட நேரம் போகிறது. ஒரு வரி எடுக்கிறார், நிறுத்துகிறார், வேறு பக்கம் போகிறார், பழைய நாடக மேடை மாதிரி பல கட்டைகளைச் சேர்த்து அமுக்கி ஒரு கனமான கோர்டை இறக்குகிறார், பிறகுதான் மெட்டு தலையைக் காட்டுகிறது. மைனர் ஸ்கேல், நம்மவர்கள் கேட்டால் கீரவாணி ராக வாசனை அடிக்கிறது என்பார்கள். ஆனால் புளூஸில் காந்தாரம் என்கிற ஸ்வரம் ஒரு இடத்தில் உட்காராது. பெரியதற்கும் சின்னதற்கும் நடுவில் வழுக்கும். பியானோவில் அந்த வழுக்கல் வராது, கட்டை கட்டையாகத்தான் இருக்கும். பக்கத்துக் கட்டைகளை உரசி அந்த ஏமாற்றைச் செய்ய வேண்டும். லாரிக்கு அது கைவந்திருக்கிறது. இந்த முன்பகுதிதான் ஆல்பத்திலேயே உயர்ந்த இடம்.

அடக்கத்துக்கு ஊதியவர்களுக்கு இந்தப் பாட்டில் இன்னொன்று பிடிபடும். தாளம் நடையிலிருந்து வருகிறது. எங்களுக்கும் அப்படித்தான். பெட்டி தூக்குகிறவர்கள் கால் எடுத்து வைக்கிற வேகத்தைப் பார்த்துத்தான் டிரம்காரர் அடிப்பார். கனமான ஆள் செத்தால் பாட்டு மெதுவாகும். சின்னப் பிள்ளை பெட்டி என்றால் வேகம் தானாகக் கூடிவிடும், யாருக்கும் அதை வாசிக்கப் பிடிக்காது. நியூ ஆர்லியன்ஸில் கல்லறைக்குப் போகும்போது மெதுவான பாட்டு, புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டம் போடுகிற பாட்டு என்று வழக்கம். நாங்கள் திரும்பும்போது ஊதுவதில்லை. கல்லறை வாசலில் டீ குடித்துவிட்டுக் கூலிக்கணக்குப் பேசுவோம்.

இனி குரல். மூக்கில் கொஞ்சம் தங்குகிற, மெல்லிய குரல். கீழே இருக்கும்வரை நன்றாகப் பேசுகிறது. மேலே போகும்போது தொண்டை இறுகுகிறது, அதை மறைக்க அமெரிக்கத் தெற்கத்தி உச்சரிப்பை ஒரு படி அதிகம் போடுகிறார். டிவியில் அமெரிக்கனாக நடித்து உலகத்தையே நம்பவைத்தவர் இங்கே நடிப்பது தெரிந்துவிடுகிறது. எனக்கு உறுத்தியது அது ஒன்றுதான், ஆனால் பாதி ஆல்பத்துக்கு உறுத்தியது. சிடியோடு வருகிற சின்னப் புத்தகத்தில் அவரே முந்திக்கொண்டு எழுதியிருக்கிறார்: நான் அந்தத் தெற்கில் பிறந்தவன் இல்லை, அந்த வாழ்க்கை வாழ்ந்தவன் இல்லை, வசதியான வெள்ளைக்கார இங்கிலீஷ்காரன், அடுத்தவர் தோட்டத்தில் அத்துமீறி நுழைகிறேன் என்கிற பொருளில். எழுத்து பிரமாதம். ஆனால் கச்சேரிக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மேடையேறுகிறவரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தக் கச்சேரி முழுக்கக் கை உதறிக்கொண்டுதான் இருக்கும்.

'படி போல்டன்ஸ் புளூஸ்' பாட்டில் மட்டும் அந்த உதறல் இல்லை. படி போல்டன் என்பவர் நியூ ஆர்லியன்ஸில் கார்னெட் ஊதியவர். கார்னெட் என்றால் டிரம்பெட்டின் குட்டைத் தம்பி. 1877இல் பிறந்தவர். ஜாஸ் என்று பின்னாளில் பேர் வைத்த சங்கீதத்துக்கு முதல் ராஜா இவர்தான் என்பார்கள். 1907இல் புத்தி பிசகி மனநல விடுதிக்கு அனுப்பப்பட்டு, 1931இல் அங்கேயே செத்தார். அவர் ஊதியது ஒரு நிமிஷம்கூட ரெக்கார்டாக மிஞ்சவில்லை. எல்லாம் கேட்டவர் வாய்ச்சொல்தான். அந்த வாய்ச்சொல்லைத்தான் அதே ஊர்ப் பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டன் பாட்டாக்கினார், அதை லாரி பாடுகிறார். ஊர் வம்பு பேசுகிற குரலில் பாட வேண்டிய பாட்டு, தொண்டை பலம் தேவையே இல்லை. நகைச்சுவை நடிகரின் நாக்கு அங்கே உதவுகிறது. இந்தப் பாட்டைப் போட்டுவிட்டு ரிப்பேருக்கு வந்த டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், பாட்டு முடிகிறவரை துடைத்த இடத்தையே துடைத்திருக்கிறேன்.

'ஸ்வானி ரிவர்' பற்றி ஒரு கதை. ஆறு வயதில் பியானோ வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் இவருக்கு ஆசையாக இருந்த ஒரே பாட்டு அது. வாரக்கணக்கில் காத்திருந்து அந்தப் பக்கம் வந்ததும் டீச்சர் அதைத் தாண்டிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார். பையன் பியானோ வகுப்பையே வெறுத்துவிட்டான். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து அந்த டீச்சருக்குப் பதில் சொல்கிற வேகத்தில் வாசித்திருக்கிறார். 1851இல் ஸ்டீஃபன் ஃபாஸ்டர் எழுதிய சோகப் பாட்டு, இதில் டிரெயின் வேகத்தில் ஓடுகிறது. கேட்டால் கால் ஆடும்.

எரிகோ மதில் விழுந்த கதையைச் சொல்லும் 'பேட்டில் ஆஃப் ஜெரிக்கோ'வும் இருக்கிறது. எக்காளம் ஊதி மதிலை இடித்த கதை என்பதால் ஊதுகிறவர்களுக்கெல்லாம் அது குலப்பெருமை. லாரி அதைக் கொண்டாட்டமாகப் பாடவில்லை, இருட்டில் படை நகர்கிற மாதிரி பாடியிருக்கிறார். நல்ல யோசனை.

விருந்தாளிகள் வரும்போதுதான் சங்கடம். 'ஆஃப்டர் யூ ஹாவ் கான்' பாட்டை டாக்டர் ஜான் பாடுகிறார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து குரலில் சரளைக்கல் விழுந்தவர். 'ஜான் ஹென்றி'யில் நியூ ஆர்லியன்ஸ் பாடகி ஐர்மா தாமஸ். கடைசிக்கு முந்தினதில் வேல்ஸ் பாடகர் டாம் ஜோன்ஸ். இவர்கள் வாயைத் திறந்த நிமிஷமே வீட்டுக்காரர் குரல் சின்னதாகிவிடுகிறது. அதுவரை 'பரவாயில்லையே' என்று கேட்டுக்கொண்டிருந்த நமக்கு, ஓ, இப்படி அல்லவா பாட வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. டூசான் 2015இல் போய்விட்டார், டாக்டர் ஜான் 2019இல். அந்த வகையில் இந்த சிடிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. 'டிப்பிட்டினா' பற்றி ஒரு வரி: புரொபசர் லாங்ஹேர் என்ற நியூ ஆர்லியன்ஸ் பியானோக்காரர் வாசித்த அசலை முதலில் தேடிக் கேளுங்கள், பிறகு இதற்கு வாருங்கள். 'போலீஸ் டாக் புளூஸ்' கிடார் பாட்டு, கிடாரும் இவருக்கு வருகிறது. மீதிப் பாட்டுகளில் இரண்டு மூன்று எனக்கு ஒன்றோடொன்று குழம்பிப் போயின.

இரண்டாவது சிடிக்கு வருவோம். இதை ஆன்லைனில் வாங்கினேன், 900 சொச்சம். விற்றவர் பெயர் வேண்டாம். பெட்டி நாலாக உடைந்து வந்தது, தட்டு தப்பித்தது. மாற்றித் தரச் சொல்லி எழுதினேன், 'வருந்துகிறோம்' என்று வந்தது, வேறொன்றும் வரவில்லை.

தட்டைப் போட்டதும் புரிந்துவிட்டது. அதே தயாரிப்பாளர், பாட்டுகளும் அதே பழைய காலத்துச் சரக்குத்தான். மாறியது ஒன்று. லாரி மைக்கை விட்டுக்கொடுத்திருக்கிறார். குவாட்டமாலா நாட்டுப் பாடகி கேபி மொரேனோ, அமெரிக்கப் பாடகி ஜீன் மெக்லெயின், 'விக்ஸ்பர்க் புளூஸ்' பாட தாஜ் மஹால் என்ற பெரியவர் (அப்படித்தான் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்). முதல் ஆல்பத்தில் விருந்தாளிகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இதில் பெண்கள் இருவரும் குழுவின் ஆட்கள். அவர்கள் பாடும்போது லாரி பியானோவுக்குள் போய்விடுகிறார்.

'கிஸ் ஆஃப் ஃபயர்' கேளுங்கள். அர்ஜென்டினாவின் பழைய டாங்கோ நடன மெட்டு. மொரேனோ எடுத்ததும் அறையில் காற்று மாறுகிறது. லாரி அவரோடு சேர்ந்து பாடும்போது போட்டிக்குப் போவதில்லை, கொஞ்சம் அசடு வழிகிறார். அந்த வூஸ்டர் அசடு! பல வருஷமாக டிவியில் செய்ததை வெட்கப்படாமல் பாட்டுக்குள் கொண்டுவந்தபோதுதான் குரல் பொருந்துகிறது. 'ஐ ஹேட் எ மேன் லைக் யூ' முழுக்க மெக்லெயின் கையில். ஒரு ஆண்பிள்ளையைக் கிழித்துத் தொங்கவிடுகிற பாட்டு, திட்டு வாங்குகிறவன் மாதிரி பின்னால் பியானோ முனகுகிறது. என் மனைவிக்கு ஆங்கிலம் வராது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரையோ நல்லா கேட்குது அந்தப் பொம்பள" என்றாள். மொழி தெரியாதவளுக்கே விளங்கிவிட்டது, இதற்கு மேல் என்ன விமர்சனம் எழுத!

'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பற்றி பேண்டுக்காரன் என்ற முறையில் சொல்ல வேண்டும். 1914இல் அதை எழுதி வெளியிட்ட டபிள்யூ.சி. ஹேண்டி எங்கள் ஜாதி, அதாவது கார்னெட் ஊதிய பேண்டு மாஸ்டர். ஊர் ஊராகப் போய் வாசித்தவர், தெருவில் கேட்டதை நோட்ஸ் எழுதி அச்சில் ஏற்றியவர். பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றுக் கணக்கில் போகிற பாட்டுக்கு நடுவே டாங்கோ நடையைச் செருகினார். ஆட வந்தவன் கால் தடுமாறி நிமிர்ந்து பார்க்கட்டும் என்கிற பேண்டு மாஸ்டர் குசும்பு அது. நாங்களும் கல்யாண ஊர்வலத்தில் பையன்கள் ஆட்டம் சோர்ந்தால் திடீரென்று வேறு தாளத்துக்குத் தாவுவோம், ஐம்பது ரூபாய் நோட்டு சட்டையில் குத்துவார்கள்.

கடைசிப் பாட்டு 'சேஞ்சஸ்'. ஆலன் பிரைஸ் என்ற இங்கிலீஷ்காரர் 1970களில் எழுதியது. பெயரைப் பார்த்து எதுவும் தோன்றவில்லை. மெட்டு ஆரம்பித்ததும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். 'பாவ சஞ்சலத்தை நீக்க'! அச்சு அசலாக அந்த ஞானப்பாட்டு மெட்டு. நாங்கள் கத்தோலிக்கர்கள், அது சிஎஸ்ஐக்காரர்கள் பாட்டு, ஆனால் பேண்டுக்கு சபை ஏது? கடலூர் வரைக்கும் போய் எத்தனையோ அடக்கத்தில் அதை ஊதியிருக்கிறேன். பிரைஸ் அந்தப் பழைய மெட்டை எடுத்து வேறு வரி போட்டிருக்கிறார். லாரி அதைப் பாடுகிறபோது தெற்கத்தி உச்சரிப்பு குறைந்துவிடுகிறது. எழுதியவரும் பாடுகிறவரும் இங்கிலாந்து ஆட்கள் என்பதாலோ என்னவோ, அவர் சொந்த வாயால் பாடுகிற மாதிரி இருந்தது. இரண்டு சிடியிலும் சேர்த்து அவர் குரலுக்கு நான் முழு மார்க் போடுவது இதற்கு மட்டும்தான்.

இரண்டு ஆல்பத்திலும் ஒலிப்பதிவு உயர்தரம். டிரம் சத்தம் பளபளவென்று அடிக்காது, தோல் தளர்ந்த பழைய டிரம் மாதிரி அடிவயிற்றில் இறங்கும். செல்போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. சித்தப்பா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்து பென்ஷனில் வந்தபோது பிரான்சிலிருந்து கொண்டுவந்த செட் என்னிடம் இருக்கிறது, அதில்தான் கேட்கிறேன். நல்ல ஹெட்போன் இருந்தாலும் போதும்.

'ஹவுஸ்' ரசிகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த டாக்டர் பாடுவார் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். அக்கா மகன் அப்படித்தான் எதிர்பார்த்தான், நாலு பாட்டோடு எழுந்து போய்விட்டான். 2016இல் 'தி நைட் மேனேஜர்' தொடரில் ஆயுத வியாபாரியாக நடித்து அடுத்த வருஷம் இன்னொரு கோல்டன் குளோப் வாங்கினார், அதைப் பார் என்று சொன்னேன். அது அவனுக்குப் பிடித்தது. புளூஸே கேட்டறியாதவர்கள் இவரிடம் ஆரம்பிக்கலாம், தவறில்லை. இவர் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். ஏற்கெனவே கேட்கிறவர்கள் முதல் சிடியில் பியானோவையும் இரண்டாவதில் அந்தப் பெண்களையும் கேட்டால் போதும்.

பழைய சிடி வாங்குகிறவர்களுக்கு: தட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், வட்டக் கீறல் என்றால் வேண்டாம், குறுக்குக் கீறல் பெரும்பாலும் பாடிவிடும். 'லெட் தெம் டாக்' என்றால் உள்ளே அந்தச் சின்னப் புத்தகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாமல் 100க்கு மேல் கொடுக்காதீர்கள்.